பன்னெண்டு வோல்ட்டுக் கல்யாணம்

செவல்குறிச்சியில மொத கல்யாணம் சாரோன் ஸ்டுடியோ கதவத் தொறந்துக்கிட்டு நடுரோட்டுக்கு வந்தது ஆடி மாசத்துல, அதனால ஊர்க்காரங்களுக்கு இருந்த ஒரே வருத்தம் ஆடியில போயி எவனாவது கல்யாணம் வைப்பானாங்கிறதுதான். மத்தபடி, கம்ப்யூட்டருக்குள்ள இருந்த ஹார்டு டிஸ்க் பல்லி மாதிரி டக்கு டக்குன்னு சத்தம் போட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, செத்துப்போன அடுத்த நிமிசம், அதுக்குள்ள இருந்த கல்யாணம் மொத்தமும், பொண்ணு, மாப்பிள்ள, பந்தல், வாழமரம், பந்தியில எலய மடிக்காம எந்திரிச்சுப் போற சித்தப்பா வரைக்கும், வரிசையா வெளிய வந்து பஸ் ஸ்டாப்புக்கும் உரக்கடைக்கும் நடுவுல எடம் பிடிச்சு நின்னத யாரும் பெருசா எடுத்துக்கல. மினி பஸ் டிரைவரு ஹாரன் அடிச்சுப் பாத்தாரு, மாலையும் கழுத்துமா நிக்குறவங்க மேல எப்படி வண்டிய விடுறதுன்னு யோசிச்சாரு, இஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறங்கி மொத பந்தியில ஒக்காந்துட்டாரு.

அது ஸ்டுடியோக்காரரு எபநேசர் அண்ணாச்சி எடிட் பண்ணுன கல்யாணம், அதனால அண்ணாச்சியோட கைவேலையும் சேந்தே வெளிய வந்துச்சு. மாப்பிள்ளையோட மாமா ஸ்லோ மோஷன்லதான் நடந்தாரு, உரக்கடையில இருந்து பந்தலுக்கு அவரு வந்து சேருறதுக்குள்ள டிபன் முடிஞ்சு சாப்பாட்டுக்கு எல போட்டுட்டாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பெரிய செவப்பு இதயத்துக்குள்ள நின்னு கிறுகிறுன்னு சுத்துனாங்க. அவங்களுக்குப் பின்னால வெளிநாட்டு மலை ஒண்ணு எந்திரிச்சு, எங்க ஊரு செம்மண்ணுல பனி கொட்டுச்சு, ஸ்கூல் பிள்ளைங்க அத டிபன் பாக்ஸுல அள்ளி ரோஸ் மில்க் எசன்ஸ் ஊத்தித் தின்னுச்சுங்க. வந்தவங்க நம்மளப் பாப்பாங்க, ஆனா நாம எதக் கேட்டாலும் "சாப்டீங்களா"ங்கிறதுதான் பதிலு, கல்யாண வீட்டு ஆளுங்கதான, வேற என்னத்தப் பேசுவாங்க. தொட்டா டீ கிளாஸ் மாதிரி வெதுவெதுன்னு இருப்பாங்க.

நெசக் கல்யாணம் அன்னைக்கு எவ்வளவு நேரம் நடந்துச்சோ அவ்வளவு நேரம் ரோட்டுல நிக்கும், முடிஞ்சதும் பந்தக்கால்ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா கற்பூரம் மாதிரி கரைஞ்சிரும். ஒருவாட்டி வெளிய வந்துட்டா வந்ததுதான். டிஸ்க்கு வெறும் தகரம். பென் டிரைவுல காப்பி வச்சிருந்த வீட்டுலயும், சிடி போட்டு பீரோவுல பூட்டி வச்சிருந்த வீட்டுலயும் அதே நேரத்துல படம் அழிஞ்சு டிவி வெறும் நீலமா நின்னுச்சு. கல்யாணத்தத் தொலைச்ச வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு அண்ணாச்சி ஷட்டர பாதி எறக்கி வச்சுட்டு, அதுக்குப் பின்னால குனிஞ்சு ஒக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. வந்தாங்க, ஆனா சண்டைக்கில்ல, செத்துப்போன பெரியப்பா சாம்பார் வாளியோட பந்தியில ஓடுறதப் பாத்து, அவரு கையால ரெண்டு கரண்டி வாங்கி, கண்ணத் தொடச்சுக்கிட்டு, "நல்லா எடுத்திருக்கீக அண்ணாச்சி"ன்னு ஷட்டருக்கு அடியில கைய நீட்டிக் குலுக்கிட்டுப் போனாங்க.

அந்தச் சாப்பாட்டப் பத்திச் சொல்லியே ஆகணும். நாக்குல வச்சா ருசி அப்படியே நிக்கும், முழுங்குனா வயித்துல ஒண்ணும் சேராது. இதக் கண்டுபிடிச்சது பால்வண்ணம் சாரு, ரிட்டயர்டு கண்டக்டரு, சுகர் வந்ததுல இருந்து லட்டக் கண்டா கடன்காரனக் கண்ட மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எதிர்ப்பக்கம் போற மனுசன். ரெண்டாவது கல்யாணம் வெளிய வந்த அன்னைக்கு ஆனது ஆகட்டும்னு ஒக்காந்து லட்டு, ஜிலேபி, பால் பாயசம்னு ஒரு லோடு ஏத்திட்டு, மறுநாள் பயந்துக்கிட்டே லேப்ல ரத்தம் குடுத்தா, டாக்டரு ரிப்போர்ட்டப் பாத்துட்டு "இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க"ன்னுட்டாரு. அவ்வளவுதான், சுத்துப்பட்டு சுகர்காரங்க அம்புட்டு பேரும் ஸ்டுடியோ வாசல்ல குடியேறிட்டாங்க. பால்வண்ணம் சாரு பழைய விசில எடுத்துக் கழுத்துல மாட்டி, "முன்னால எடம் கெடக்குல்ல, உள்ள போ, உள்ள போ"ன்னு பந்திய நடத்துனாரு. கவுன்சிலரு மினி பஸ்ஸ கீழத்தெரு வழியா திருப்பிவிட்டாரு. டீக்கடைக்காரரு மழை வருமான்னு வானத்தப் பாக்குற மாதிரி ஸ்டுடியோ சுவத்துல காத வச்சுக் கேட்டு, இன்னைக்கு கல்யாணம் இருக்கா இல்லையான்னு சனங்களுக்குச் சொன்னாரு.

நான் முப்பிடாதி. பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் படிச்சு பாதியில நின்னவன். நின்னனா நிறுத்துனாங்களான்னு கேட்டா நானும் எங்க பிரின்ஸ்பாலும் வேற வேற கதை சொல்லுவோம். ஊருல மிக்ஸி, மோட்டாரு, மைக் செட்டுன்னு எது நின்னாலும் என்னையக் கூப்பிடுவாங்க, பாதி ஓடும், மீதிய நான் பேசியே ஓட்டிருவேன். அண்ணாச்சி டிஸ்க்கு மேல டிஸ்க்கா வாங்கி மாட்டுறதும், அது ஒவ்வொண்ணா சாகுறதும், எடுத்த கல்யாணத்த டெலிவரி குடுக்குறதுக்கு முன்னாலயே அது ரோட்டுல போயி நிக்கிறதுமா இருந்ததுல மனுசனுக்குப் பாதி தாடி நரைச்சுப்போச்சு, ஒரு நாள் காலையில என்னைய இழுத்துக்கிட்டுப் போனாரு.

"ஏலே முப்பி, டிஸ்க்குக்குள்ள சாத்தான் பூந்துட்டாம்ல."

"அண்ணாச்சி, சாத்தானுக்கு நம்ம ஊருக்கு வர நேரடி பஸ்ஸு கெடையாது. டிஸ்க்க மாத்துனது போதும். அதுக்குச் சோறு போடுறது யாருன்னு பாத்தீகளா?"

"கர்த்தர்தாம்ல."

"கரண்ட்ட வாங்கிப் பிரிச்சுக் குடுக்குறது உள்ள இருக்குற எஸ்எம்பிஎஸ்ஸு அண்ணாச்சி. அவன் அரைகுறையா ஊட்டுனா எந்தப் பிள்ள பொழைக்கும்?"

பேசிக்கிட்டு இருக்கும்போதே சண்முகக்கனி மதினி வந்து நின்னா. ஸ்டுடியோவுக்கு ஒட்டுன கடை அவளோட தையல் கடை. சொந்தமில்ல, தெருவுல ஒரு முறைக்கு மதினி, ஊருல என்னையப் பேச்சுல ஜெயிக்கிற ஒரே ஆளு.

"என்ன கொழுந்தனாரே, காலேஜுலதான் ஃபெயிலு. இதுலயாவது பாஸாவீரா?"

"நான் எங்க மதினி ஃபெயிலானேன். அவங்க எனக்குப் பாடம் நடத்துறதுல ஃபெயிலாயிட்டாங்க."

எப்பவும் இதுக்கு ஒண்ணு திருப்பிக் குடுப்பா. அன்னைக்கு டேப்பக் கழுத்துல இருந்து எடுத்து வெரல்ல சுத்திக்கிட்டே, "எங்க கல்யாண டிஸ்க்கும் இதே பெட்டிக்குள்ளதான் கெடக்கு. நேத்து தையல் மிஷின நிறுத்திட்டு சுவத்துல காத வச்சேன். அதுவும் டக்கு டக்குங்குது"ன்னா.

மதினி வீட்டுக்காரரு கோமதிநாயகம். கயத்தாறுப் பக்கம் காத்துல கரண்ட்டு எடுக்குற காத்தாடி மிஷினு மேல ஏறி ரிப்பேர் பாக்குறவரு. மேல நின்னு காத்துக்கு எதிரா கத்திக் கத்திப் பழகுனதுல வீட்டுல உப்பு கேட்டாக்கூட மூணு தெருவுக்குக் கேக்கும். பிள்ள தன்ஷிகா தவழ்ந்துக்கிட்டு இருக்கும்போது மஞ்சக்காமாலையில போய்ச் சேந்தாரு. அந்த மனுசன் வாழ்க்கையிலயே மெதுவாப் பேசுனது ஒரே ஒருவாட்டிதான்: தாலி கட்டும்போது குனிஞ்சு மதினி காதுல என்னமோ சொன்னாரு. கெட்டி மேளத்துல மதினிக்கு ஒரு எழுத்துகூட விழல, மண்டைய மட்டும் ஆட்டி வச்சா. அப்புறம் எத்தன தடவ கேட்டாலும், "அறுபதாங் கல்யாணத்துல சொல்லுதேன், போடி"ன்னு தெருவே கேக்கச் சிரிப்பாராம்.

"டிஸ்க்கு கெட்டுப்போச்சா, இல்ல கரண்ட்டுதான் கெட்டதான்னு எனக்குத் தெரியணும் முப்பி. டிஸ்க்கு கெட்டதுன்னா அது எப்படியும் போயிரும், நான் மனசத் தேத்திக்கிடுவேன். நல்ல டிஸ்க்க நம்ம பெட்டியே கொன்னுச்சுன்னா என்னால தாங்க முடியாது."

மொத வேலையா மதினி டிஸ்க்கக் கழட்டி அவ கையிலயே குடுத்தேன். அத முந்தானையில சுத்தி, கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டா. அப்புறம் சீல் பிரிக்காத புது டிஸ்க்கு ஒண்ண, ஒரு போட்டோகூட ஏத்தாத வெறும் டிஸ்க்க, அதே பெட்டியில மாட்டி, வயரயும் புதுசா போட்டு, மிஷினுக்கு முடிஞ்ச மட்டும் வேலையக் குடுத்தேன். சுவத்துக்கு வெளிய டீக்கடைக்காரரு காத எடுத்துட்டு "ஆரம்பிச்சிருச்சு"ன்னாரு. பால்வண்ணம் சாரு விசில் ஊதி எலயப் போடச் சொன்னாரு. டிஸ்க்கு டக்கு டக்குன்னு அடிச்சுச்சு, பெருமூச்சு விட்டுச்சு, செத்துச்சு, கதவு தொறந்துச்சு, வெளிய வந்தது ஒரு காலி மண்டபம். பிளாஸ்டிக் சேரு வரிசையா போட்டிருக்கு, ஃபேனு ஓடுது, மேடையில பொண்ணு பேரு மாப்பிள்ள பேரு எதுவும் இல்லாத வெறும் தெர்மாகோல் போர்டு, நடுவுல ஒரு ஈ. ஒரு ஆளு இல்ல. சனங்க கொஞ்ச நேரம் வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாங்க, அப்புறம் வெயிலு அதிகம்கிறதனால உள்ள போயி ஃபேனுக்கு அடியில படுத்துத் தூங்குனாங்க.

"லட்டு எங்க வே?"ன்னு பால்வண்ணம் சாரு காலி எலையோட வந்தாரு.

"சார், இன்னைக்குப் பொறந்த டிஸ்க்கு. அதுக்கு ஒரு நோயும் கெடையாது. அதுவும் செத்துருச்சுன்னா குத்தம் டிஸ்க்கு மேல இல்ல, ஊட்டுறவன் மேல."

"அதச் சொல்ல எங்க டிபனக் கெடுத்தீரா?"

எனக்குக் காலு தரையில நிக்கல. மல்ட்டிமீட்டர எடுத்து மஞ்சள் வயருலயும் கருப்பு வயருலயும் வச்சேன், அதுல பன்னெண்டு வோல்ட்டு வரணும், டிஸ்க்கு சுத்துறது அந்தப் பன்னெண்டுலதான். மிஷினு சும்மா இருக்குறப்ப அது டீச்சரு முன்னால நிக்கிற பிள்ள மாதிரி சமத்தா பன்னெண்டு காட்டுச்சு. "பாத்தியால, சரியாத்தான இருக்கு"ன்னாரு அண்ணாச்சி. "அண்ணாச்சி, விருந்தாளி முன்னால எல்லாரும் நல்லவங்கதான், வேலை குடுத்துப் பாப்போம்"னு ஒரு முழுக் கல்யாணத்தையும் அண்ணாச்சியோட ரெண்டாவது மிஷின்ல இருந்து இழுத்து எடிட்டுக்குப் போட்டேன், போட்டதும் முள்ளு பதினொண்ணுக்கு எறங்குச்சு, பத்தரைக்கு எறங்குச்சு, ஏறுச்சு, திரும்ப வழுக்குச்சு, குடிச்சுட்டு மாடிப்படி ஏறுறவன் மாதிரி. அந்தப் பன்னெண்டு கொறையும்போதெல்லாம் டிஸ்க்கு சுத்துறது தளரும், அதுமேல மெதந்துக்கிட்டே படிக்கிற ஊசி பயந்துபோயி வீட்டுக்கு ஓடும், கரண்ட்டு வந்ததும் திரும்ப வரும், திரும்ப ஓடும். ஊரே காத வச்சுக் கேட்ட டக்கு டக்கு அந்த ஓட்டம்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸப் பிரிச்சேன். உள்ள கரண்ட்டச் சீராக்கி விடுற கெப்பாசிட்டருங்க எல்லாம் உச்சி உப்பி, எண்ணெயில போட்ட பூரி மாதிரி நின்னுச்சு, ஒண்ணு பழுப்பா ஒழுகிக்கூட இருந்துச்சு. வெந்துபோயிருக்கு. ஏன் வெந்துச்சுன்னு பெட்டியத் திருப்புனா, பின்பக்கம் ஃபேனுக்கு மேல ரோஸ் கலர்ல ஒரு துணி உறை, ஃப்ரில்லு வச்சு, ஓரத்துல லேசு வச்சு, முன்னால "சாரோன்"னு எம்பிராய்டரி போட்டு. எங்க ஊருல டிவிக்கு, மிக்ஸிக்கு, கேஸ் சிலிண்டருக்கு, எல்லாத்துக்கும் சட்டை தைச்சுப் போடுவாங்க, அண்ணாச்சியும் ரோட்டுத் தூசி உள்ள போகக்கூடாதுன்னு போன தீவாளிக்குக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு தைக்கச் சொல்லியிருக்காரு, அழகா இருக்கேன்னு மிஷினு ஓடும்போதுகூட கழட்டல. சூட வெளிய விட வழியில்லாம உள்ளயே அடைச்சு வச்சு, மாசக்கணக்குல அவிச்சிருக்காங்க.

"யாரு அண்ணாச்சி தைச்சது?"

அண்ணாச்சி மேல ஃபேனப் பாத்தாரு. மதினி முந்தானையில இருந்த டிஸ்க்க இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஃப்ரில்லுக்கு ஒரு நாளு ஆச்சு"ன்னா.

விசயம் வெளிய போனதும் ஊரு ரெண்டாப் போகல, ஒண்ணாத்தான் போச்சு, எனக்கு எதிரா. எஸ்எம்பிஎஸ்ஸ மாத்தக்கூடாதுன்னு சுகர்காரங்க வாசல்ல ஒக்காந்துட்டாங்க. அது பொதுச் சொத்துன்னு கவுன்சிலரு சொன்னாரு. மதினி எதுத்து நின்னவங்கள ஒவ்வொருத்தரா பாத்து, "என் டிஸ்க்கு நல்லதா கெட்டதான்னு பாத்து முடிக்கிற வரைக்கும் எவனாவது பெட்டியத் தொட்டீகன்னா, இந்த வருசம் உங்க வீட்டு ஜாக்கெட்டு எதுலயும் கை நுழையாது"ன்னா. ஆவணி முகூர்த்தம் வரிசையா வருது. பொம்பளைங்க அவங்கவங்க வீட்டு ஆம்பளைங்களக் கையப் பிடிச்சு எழுப்பி வழிவிடச் சொன்னாங்க.

புது எஸ்எம்பிஎஸ்ஸ மாட்டுனேன், கையில பிடிச்சாலே கனமா, செங்கல்லு மாதிரி இருந்துச்சு. மீட்டர வச்சேன். சும்மாவும் பன்னெண்டு, வேலை குடுத்தாலும் பன்னெண்டு, தூணு மாதிரி நின்னுச்சு. மதினி கையில இருந்து டிஸ்க்க வாங்குறதுக்குள்ள அவ வெரல ஒவ்வொண்ணா பிரிக்க வேண்டியிருந்துச்சு. மாட்டுனேன். மொத்தத் தெருவும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல காத வச்சுச்சு. டிஸ்க்கு கிர்ருன்னு எழும்பி, சீரா சுத்துச்சு. ஒரு டக்கு இல்ல. டெஸ்ட் போட்டு மொத தடத்துல இருந்து கடைசித் தடம் வரைக்கும் படிக்க விட்டேன், ஒரு கீறல் இல்லாம படிச்சு முடிச்சுச்சு.

"டிஸ்க்கு நல்ல டிஸ்க்கு மதினி. குத்தம் முழுக்க கரண்ட்டுப் பெட்டிதான். இனி அறுபதாங் கல்யாணம் வரைக்கும் ஓடும்"னு நான் ரூமுக்குள்ளயே ஒரு ஆட்டம் போட்டேன், பாஸு, டிஸ்டிங்ஷன்ல பாஸுன்னேன், அண்ணாச்சி அல்லேலூயான்னாரு, வெளிய சுகர்காரங்க எழவு வீட்டுல இருந்து எந்திரிக்கிற மாதிரி வேட்டியத் தட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க.

"அந்த எடத்தப் போடு"ன்னா மதினி.

போட்டேன். அவ கல்யாணத்தப்ப அண்ணாச்சிக்கு இதயமும் மலையும் போடத் தெரியாது, அதனால எல்லாம் உள்ளது உள்ளபடி இருந்துச்சு. கோமதிநாயகம் தாலியோட குனியிறாரு, உதடு அசையுது, சத்தத்தக் கூட்டுனா மேளம், இன்னும் கூட்டுனா இன்னும் மேளம். அப்புறம் மனுசன் நெருப்பச் சுத்தும்போது கூனிக் குறுகி, தரையப் பாத்துக்கிட்டே நடக்குறாரு. "அம்புட்டு வெக்கம்"னாரு அண்ணாச்சி. அந்த உதட்ட முன்னாலயும் பின்னாலயும் ஓட்டிப் பாத்தோம், அண்ணாச்சி ஒண்ணு சொன்னாரு, நான் ஒண்ணு சொன்னேன், ரெண்டும் இல்லன்னு மதினிக்குத் தெரியும். கடைசியா, "பழைய கரண்ட்டுப் பெட்டிய எங்க போட்ட?"ன்னா.

"குப்பையில மதினி."

"எடுத்து மாட்டு."

நான் சிரிச்சேன். அவ குப்பைத் தொட்டியக் காலால என் பக்கம் தள்ளுனா.

"மதினி, வெளிய வந்துட்டா போனது போனதுதான். காப்பியும் சேந்து அழியும். தன்ஷிகா டெய்லி சாப்பிடும்போது அப்பா படம் பாக்குதுல்ல."

"பாக்குதா? டிவியில அவ அப்பா ஒரு சாண் உசரம்தான். போன வாரம் என்கிட்ட வந்து, அம்மா, அப்பா என்னைவிட உசரமான்னு கேட்டா. சுவத்துல கோடு போட்டுக் காமிச்சேன். கோட்டப் பாத்து அது என்னத்தப் புரிஞ்சுக்கும்?" ஸ்கிரீனுல தவில்காரங்கள வெரலால தொட்டுக் காமிச்சா. "இதுல மேளம்தான் இருக்கு முப்பி. அவரு அதுக்குள்ள இருக்காரு. நான் காத கிட்ட கொண்டுபோகணும்னா அவரு வெளிய வந்தாத்தான் உண்டு. நீ டிஸ்க்கு கெட்டதுன்னு சொல்லியிருந்தா தானா போகட்டும்னு இருந்திருப்பேன். இப்ப நல்லதுன்னு சொல்லிட்ட. இனி நானாத்தான் கையத் தொறக்கணும்."

நான் ஒரு பழுதத் தேடிப் பிடிச்சு முழுசா ரிப்பேர் பண்ணுனது அன்னைக்குத்தான் மொத தடவ, அத அன்னைக்கே பழையபடி கெடுத்து மாட்டணும்னா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த பால்வண்ணம் சாரு தொண்டையச் செருமுனாரு.

"ரோட்டுக்கு வந்தாலும் மேளம் அடிக்கத்தான செய்யும் தாயி. எப்படிக் கேக்கும்?"

"தெரியல சார்."

"சரி. அத நாங்க பாத்துக்கிடுதோம்"னு விசில வாயில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

தன்ஷிகா ஸ்கூல்ல இருந்து வர வரைக்கும் காத்திருந்தோம். மதினி பிள்ளைக்கு மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரி பட்டுப் பாவாடை கட்டிவிட்டா. நான் அந்த உப்புன கரண்ட்டுப் பெட்டிய மாட்டி, மிஷினுக்குச் சொமக்க முடியாத வேலையெல்லாம் குடுத்தேன். பன்னெண்டு பதினொண்ணாச்சு, பத்தரை ஆச்சு. டிஸ்க்கு டக்குங்குறதுக்கு முன்னால நான் மதினியத் திரும்பிப் பாத்தேன், மாட்டேன்னு சொல்லுவாளோன்னு. அவ பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு கதவப் பாத்து நின்னா. டக்கு டக்கு டக்கு, பெருமூச்சு, பெட்டிக்குள்ள பட்டுன்னு ஒரு வெடி, பொகை, கெப்பாசிட்டரும் அதோட முடிஞ்சுபோச்சு, இனிமே செவல்குறிச்சிக்கு ரோட்டுக் கல்யாணம் கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, கதவு தொறந்துச்சு.

வாழமரம் வந்துச்சு, பந்தல் வந்துச்சு, இதயமும் பனியும் இல்லாம சாதா வெயில்ல சாதா மனுசங்க வந்தாங்க, சமையக்காரரு லட்டுத் தாம்பாளத்தோட வந்தாரு, நாதஸ்வரக்காரரு, ரெண்டு தவில்காரரு, ஐயரு, பச்சப் பட்டுல, அன்னைக்குக் கல்யாணப் பொண்ணா இருந்த பழைய கனி, அவளுக்குப் பின்னால கோமதிநாயகம், பட்டு வேட்டி, மூக்குல வேர்வ, அப்பத்தான் ஷேவ் பண்ணுன பச்சக் கன்னம். தன்ஷிகா அம்மா கைய உதறிட்டு ஓடிப்போயி அவரு பக்கத்துல ஒட்டி நின்னு, தன் மண்டைக்கு மேல கைய வச்சு நேரா கொண்டுபோயிப் பாத்துச்சு. இடுப்பு வரைக்கும் வந்துச்சு. "சாப்டீங்களா"ன்னாரு அவரு, தெருவே அதிர. பிள்ள காதப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு.

கடைசிப் பந்தின்னு தெரிஞ்சு சுகர்காரங்க எலைக்கு ரெண்டு லட்டு வாங்கி வச்சுட்டுக் காத்திருந்தாங்க. ஐயரு தாலிய எடுத்துக் குடுத்தாரு. மதினி பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு மேடை ஏறி, பழைய கனிக்குப் பக்கத்துல போயி ஒக்காந்து, அவ காதோட தன் காதச் சேத்து வச்சா. கெட்டி மேளம்னு கை காமிச்சாங்க. நாதஸ்வரக்காரரு சீவாளிய வாயிக்குக் கொண்டுபோறாரு, பால்வண்ணம் சாரு ஒரே ஒரு விசில் ஊதுனாரு, ஒரு லட்டுகூட வாயில வைக்காம ஒக்காந்திருந்த அம்புட்டு பேரும் எந்திரிச்சாங்க; பால்வண்ணம் சாரு தன் ரெண்டு லட்டையும் நாதஸ்வரக்காரரு வாயிக்குள்ள தள்ளி அடைச்சாரு, ஆட்டோக்காரங்க ரெண்டு பேரு தவில்காரங்களப் பின்னால இருந்து கட்டிப் பிடிச்சாங்க, அழுதுக்கிட்டு இருந்த மதினியோட அம்மா வாயில மினி பஸ் டிரைவரு ஒரு லட்டு, மந்திரம் சொன்ன ஐயரு வாயில ஒரு லட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு அண்ணாச்சி வாயில நானே ஒரு லட்டு. செவல்குறிச்சி பஸ் ஸ்டாப்புல ஒரு சத்தம் இல்ல. வாழ எல அசைஞ்சது கேட்டுச்சு.

ரெண்டு கையும் தாலியில மாட்டிக்கிட்டு கோமதிநாயகம் குனிஞ்சாரு. அவரு மெதுவாத்தான் சொன்னாரு, ஆனா காத்தாடிக்காரரு மெதுவாச் சொன்னா தெரு முக்கு வரைக்கும்தான் கேக்கும்.

"கனி, வேட்டி அவுறுது. கொஞ்சம் பிடிச்சுக்கோ."

பழைய கனி ஒண்ணும் புரியாம மண்டைய ஆட்டுனா. தெருவுல ஒருத்தரும் சிரிக்கல, சிரிக்கலாமா வேண்டாமான்னு மதினி மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மதினி பிள்ளைய எடது இடுப்புக்கு மாத்துனா. வலது கைய நீட்டி, நழுவிக்கிட்டு இருந்த பட்டு வேட்டிய மடிப்போட சேத்து, துணிய அளந்து பழகுன கை, ஒரே பிடியில இறுக்கிப் பிடிச்சா.

"பிடிச்சிட்டேன். நீங்க நடங்க."

நாதஸ்வரக்காரரு அப்பத்தான் லட்ட முழுங்கி முடிச்சாரு. கெட்டி மேளம் கொஞ்சம் லேட்டா, ஆனா தெருவே தூக்கிக்கிட்டுப் போற மாதிரி எந்திரிச்சுச்சு, சனங்க கையில கெடச்ச பூவ எல்லாம் வீசுனாங்க, பால்வண்ணம் சாரு விசிலு ஊதுறாரா அழுறாரான்னு தெரியல, கோமதிநாயகம் ஒரு பக்கம் பழைய கனி கையப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு பக்கம் எங்க மதினி அவரு இடுப்பு வேட்டியப் பிடிச்சுக்கிட்டு வர, நெஞ்ச நிமுத்தி, தோள அகட்டி, ஊரயே நேராப் பாத்துக்கிட்டு நெருப்பச் சுத்தி நடந்தாரு.